பழுதில்லாத சர்வர் ஏன் தானாகவே நின்றுவிடுகிறது? கிளஸ்டர் குவோரம் செயல்படும் விதம்

இரண்டு சர்வர்களை வாங்கி ஒரு கிளஸ்டராக, அதாவது ஒரே சேவையைச் சேர்ந்து நடத்தும் கூட்டமாக, இணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அதில் ஒன்று படுத்துவிடுகிறது. ஒன்று போனால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும் என்றுதான் இரண்டாவதற்குச் செலவழித்தார்கள். ஆனால் அந்த இரண்டாவது சர்வரும், எந்தக் கோளாறும் இல்லாமலேயே, சேவையை நிறுத்திவிடுகிறது. விண்டோஸ் சர்வர் என்றால் ஈவென்ட் லாகில் 1177 என்ற எண்ணோடு, குவோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) போய்விட்டதால் கிளஸ்டர் சர்வீஸ் மூடப்படுகிறது என்று ஒரு பதிவு இருக்கும். விர்ச்சுவல் மெஷின்களை (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால், அதில் ஒன்றைத் தொடங்கப் போனால்கூடக் குவோரம் இல்லை என்று மறுத்துவிடும்.

பொறுப்பில் இருப்பவருக்கு ஆத்திரம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. தன் பக்கம் பெரும்பான்மை இருப்பதை உறுதிசெய்ய முடியாத சர்வர் டேட்டாவைத் தொடக் கூடாது என்பதே குவோரத்தின் விதி. சேவை ஒரு மணி நேரம் நின்றால் சமாளித்துக்கொள்ளலாம். டேட்டா இரண்டாகப் பிரிந்துவிட்டால் ஒட்டவைப்பது பெரும்பாடு. இந்த முன்னுரிமையை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

கூடவே இன்னொரு குழப்பமும் உண்டு. "குவோரம் இருக்கிறது, அதனால் டேட்டா பத்திரம்" என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். யார் முடிவெடுக்கலாம் என்பது ஒரு கேள்வி. யாரிடம் கடைசி டேட்டா இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தும், இரண்டாவதைக் கவனிக்காததால் ஒரு பெரிய நிறுவனம் ஒரு நாள் முழுக்கத் திண்டாடியிருக்கிறது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, வயர் அறுந்துவிட்டதா?

கிளஸ்டரில் உள்ள சர்வர்கள் ஒன்றுக்கொன்று சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். விண்டோஸ் கிளஸ்டரில் பொதுவாக நொடிக்கு ஒன்று. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளின் அடியில் அதன் தகவல்களைச் சேமித்துவைக்கும் எட்சீடி டேட்டாபேஸில் இயல்பாக 100 மில்லிநொடிக்கு ஒன்று. தொடர்ந்து சில ஹார்ட்பீட் வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று கணக்கு.

சிக்கல் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. செய்தி வராமல் போவதற்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம்:

1. எதிர்ச் சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டது.
2. சர்வர் நன்றாக இருக்கிறது. நடுவில் உள்ள ஸ்விட்ச், கேபிள், ஃபைபர் ஏதோ ஒன்று போய்விட்டது.
3. சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் திணறுகிறது. டிஸ்க் பதில் சொல்லவில்லை, அல்லது ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் பிரதி) எடுக்கும்போது விர்ச்சுவல் மெஷின் சில நொடிகள் உறைந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்க்கும் சர்வருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எத்தனை நொடி காத்திருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. முதல் காரணம் என்று நினைத்து ஒரு சர்வர் பொறுப்பை எடுத்துக்கொள்ள, நடந்தது இரண்டாவது என்றால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் தலைமையில் இருப்பார்கள். இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறார்கள்.

அப்படி ஆனால் என்ன கெடும்? ஒரு கடையின் ஆர்டர் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். பிரிவதற்கு முன் கடைசி ஆர்டர் எண் 5000. பிரிந்த பிறகு இடதுபக்கச் சர்வர் ஒருவருக்கு 5001 என்று போடுகிறது. வலதுபக்கச் சர்வர் வேறொருவருக்கு அதே 5001-ஐப் போடுகிறது. இரண்டுக்கும் பணம் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் ரசீது போய்விட்டது. இணைப்பு திரும்பும்போது எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? இதற்கு மென்பொருளிடம் பதில் கிடையாது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு சர்வர்களும் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில் நிலைமை இதைவிட மோசம். எக்ஸ்ட்4 மாதிரியான ஃபைல் சிஸ்டம், தன்னை ஒரே ஒரு இயந்திரம்தான் திறந்திருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டது. டிஸ்க்கில் எந்த பிளாக் (எழுதும் இடம்) காலி என்ற பட்டியலை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும். இருவரும் ஒரே பிளாக்கைக் காலி என்று நினைத்து வேறு வேறு கோப்புகளை அதில் எழுதுவார்கள். கொஞ்ச நேரத்திலேயே ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். அப்புறம் பேக்கப்பைத் தவிர வேறு வழியில்லை.

பாதிக்கு மேல் என்ற விதி எங்கிருந்து வந்தது?

பிரிந்துபோன இரண்டு கூட்டங்களும் பேசிக்கொள்ள முடியாது. பேசாமலேயே இரண்டும் ஒரே முடிவுக்கு வர வேண்டும்: யார் தொடர்வது, யார் நிற்பது. அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு கூட்டமும் தன் தலைகளை எண்ணிப் பார்ப்பது. சர்வருக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால், மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் என்னிடம் இருந்தால் தொடர்வேன், இல்லையென்றால் நிற்பேன். 5 சர்வர்களில் 3 ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் 2-க்கு மேல் இருக்க வழியே இல்லை. இரண்டு பக்கமும் 3 வேண்டும் என்றால் 6 சர்வர் இருந்திருக்க வேண்டும்.

மக்களவையிலும் குவோரம் உண்டு. மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்கிறது அரசியல் சாசனம். அங்கே அந்த அளவு போதும், ஏனென்றால் அவை கூடும் இடம் ஒன்றுதான். சர்வர்களுக்கு அந்த வசதி இல்லை. பத்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்தால் ஒரே நேரத்தில் பத்து அவைகள் கூடி, பத்துச் சட்டங்கள் போடும். அதனால்தான் கிளஸ்டரில் பாதிக்கு மேல் என்பதில் விட்டுக்கொடுக்க முடிவதில்லை.

கணக்கு எளிது. மொத்த ஓட்டை இரண்டால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்ட வேண்டும்:

1. 2 ஓட்டு: குவோரம் 2. ஒன்றுகூடப் போகக் கூடாது.
2. 3 ஓட்டு: குவோரம் 2. ஒன்று போகலாம்.
3. 4 ஓட்டு: குவோரம் 3. அப்போதும் ஒன்றுதான் போகலாம்.
4. 5 ஓட்டு: குவோரம் 3. இரண்டு போகலாம்.
5. 7 ஓட்டு: குவோரம் 4. மூன்று போகலாம்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போவதில் தாங்கும் சக்தி கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டுப்போகக்கூடிய இயந்திரம் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதோடு நான்கு ஓட்டு இரண்டு இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பக்கமும் நின்றுவிடும். ஒற்றைப்படை எண்ணில் வையுங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இரண்டே சர்வர் இருந்தால்: மூன்றாவது ஓட்டைத் தேடுதல்

சின்ன நிறுவனங்களில் பெரும்பாலும் இரண்டு சர்வர்தான் இருக்கும். மேலே உள்ள கணக்கின்படி அது ஒற்றைச் சர்வரைவிடப் பலவீனமானது. இரண்டில் எது போனாலும் சேவை போய்விடும். இதற்காகத்தான் வேலை எதுவும் செய்யாமல் ஓட்டு மட்டும் போடும் ஒரு மூன்றாம் தரப்பை வைக்கிறார்கள். விண்டோஸில் இதற்கு விட்னஸ் என்று பெயர், லினக்ஸின் கிளஸ்டர் மென்பொருளான கோரோசின்க்கில் கியூடிவைஸ், மாங்கோடிபி டேட்டாபேஸில் ஆர்பிட்டர். இது புதிதாக வந்த யோசனை அல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த வாக்ஸ்கிளஸ்டரிலேயே, சர்வர்களுக்கு ஓட்டு ஒதுக்குவதும் ஒரு டிஸ்க்குக்கு ஓட்டுரிமை கொடுப்பதும் இருந்தன.

விண்டோஸ் மூன்று வகை விட்னஸைத் தருகிறது. டிஸ்க் விட்னஸ் என்பது இரண்டு சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சின்ன டிஸ்க். ஃபைல் ஷேர் விட்னஸ் என்பது வேறொரு சர்வரில் உள்ள பகிர்வுக் கோப்புறை. கிளவுட் விட்னஸ் 2016 பதிப்பில் வந்தது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் ஒரு சின்னக் கோப்பை வைத்து ஓட்டுக் கணக்கை முடித்துவிடும். முதல் இரண்டுக்கும் இடையே அதிகம் பேசப்படாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிஸ்க் விட்னஸில் கிளஸ்டரின் அமைப்புத் தகவலின் முழுப் பிரதியும் இருக்கும். ஃபைல் ஷேரில் பிரதி இருக்காது. கடைசியாக மாற்றம் செய்தது யார் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். முதல் சர்வர் அணைந்திருக்கும்போது இரண்டாவதில் அமைப்பை மாற்றிவிட்டு, அதையும் அணைத்து, பிறகு முதல் சர்வரை மட்டும் எழுப்பினால் என்ன ஆகும்? டிஸ்க் விட்னஸ் இருந்தால் அதிலிருந்து புதிய அமைப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். ஃபைல் ஷேர் இருந்தால், உன்னிடம் இருப்பது பழையது என்று தடுத்துவிடும். இரண்டுமே டேட்டாவைக் காப்பாற்றுகின்றன. ஆனால் எழுந்துவராத சர்வரைப் பார்த்து நள்ளிரவில் திகைப்பவர் இரண்டாவது வகைக்காரர்தான்.

விட்னஸை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டு ஊர்களில் ஆளுக்கொரு சர்வர், விட்னஸ் முதல் ஊரில் என்று வைத்தால், முதல் ஊரில் மின்சாரம் போகும்போது மூன்றில் இரண்டு ஓட்டு ஒன்றாகப் போய்விடும். இரண்டாவது ஊரில் எல்லாம் சரியாக இருந்தும் கிளஸ்டர் நிற்கும். அப்படிப் பார்த்தால் இரண்டாவது ஊரில் சர்வர் வைத்ததன் பயன் பாதி போய்விட்டது. விட்னஸ் மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஊர்களிலிருந்தும் அதற்குத் தனித்தனி வழி இருக்க வேண்டும். கிளஸ்டருக்குள்ளேயே ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் அந்தக் கிளஸ்டரின் விட்னஸை வைப்பது இன்னும் ஆபத்து. கிளஸ்டர் எழுந்தால்தான் விட்னஸ் எழும், விட்னஸ் எழுந்தால்தான் கிளஸ்டர் எழும் என்று முடிச்சு விழுந்துவிடும்.

விண்டோஸ் 2012-இல் டைனமிக் குவோரம் வந்தது. ஒரு சர்வர் போனதும் மிச்சம் இருப்பவர்களை வைத்து மொத்த ஓட்டைத் திருத்தி எழுதிக்கொள்வது இதன் வேலை. ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொன்றாகப் போனால் கடைசிச் சர்வர் வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஐந்தில் மூன்று ஒரே நொடியில் போனால், திருத்தி எழுத மிச்சமுள்ள இரண்டுக்கு அதிகாரம் கிடையாது. விட்னஸ் இல்லாத இரண்டு சர்வர் அமைப்பில் டைனமிக் குவோரம் ஒருவரிடமிருந்து ஓட்டைப் பறித்துவிடும். ஓட்டில்லாதவர் திடீரென்று போனால் மற்றவர் தொடர்வார். ஓட்டுள்ளவர் போனால் இருவரும் நிற்பார்கள். ஆக இது பூவா தலையா போடுவதுதான். விட்னஸ் வைத்துவிடுவதே உத்தமம்.

தோற்ற பக்கம் உண்மையிலேயே நின்றுவிட்டதா?

பெரும்பான்மை இழந்த சர்வர் தானாக ஒதுங்கும் என்று இதுவரை சொன்னோம். ஆனால் மேலே சொன்ன மூன்றாவது காரணத்தை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சர்வர் 20 நொடி உறைந்துவிட்டது. மற்றவர்கள் புதுத் தலைமையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பழையவர் கண்விழிக்கிறார், அவருக்கு நேரம் போனதே தெரியாது. கையில் பாதியில் விட்ட எழுத்து ஒன்று இருக்கிறது, அதை டிஸ்க்கில் எழுதிவிடுகிறார். அதற்கு அடுத்த கணத்தில்தான் தான் பதவியில் இல்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது. ஓட்டெடுப்பு மட்டும் இதைத் தடுக்காது.

இதைத் தடுப்பதற்கு ஃபென்சிங் என்று பெயர். தோற்ற சர்வர் டேட்டாவை எட்டவே முடியாதபடி வெளியிலிருந்து துண்டிப்பது. இதற்கு நடைமுறையில் உள்ள வழிகள்:

1. சர்வரின் நிர்வாகப் போர்ட் வழியாகவோ மின் இணைப்புப் பட்டை வழியாகவோ மின்சாரத்தையே நிறுத்துவது. லினக்ஸ் உலகில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர்.
2. ஸ்டோரேஜ் பக்கத்தில் தடுப்பது. விண்டோஸ் கிளஸ்டர் பகிர்வு டிஸ்க்குகளில் ஸ்கஸி ரிசர்வேஷன் முறையைப் பயன்படுத்துகிறது. உரிமை பறிக்கப்பட்ட சர்வர் எழுத முயன்றால் டிஸ்க்கே மறுக்கும்.
3. வாட்ச்டாக். தொடர்ந்து தட்டிக்கொடுக்காவிட்டால் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்துவிடும் ஒரு டைமர். ப்ராக்ஸ்மாக்ஸில் உயர் கிடைப்பு வசதி (ஒரு சர்வர் போனால் இன்னொன்றில் வேலையைத் தானாகத் தொடங்குவது) இயங்கும் சர்வர் குவோரம் இழந்தால் சுமார் 60 நொடியில் தன்னைத் தானே ரீபூட் செய்துகொள்வது இதனால்தான்.
4. தலைமைக்கு ஏறுவரிசையில் எண் கொடுப்பது. 7-ஆம் தலைமையின் எழுத்தை ஏற்றுக்கொண்ட ஸ்டோரேஜ், அதன் பிறகு 6-ஆம் எண்ணோடு வருவதைத் திருப்பி அனுப்பிவிடும்.

கோரோசின்க்கில் இரண்டு சர்வருக்கென்றே ஒரு தனி அமைப்பு உண்டு; அதைப் போட்டால் ஒற்றைச் சர்வரே தனக்குக் குவோரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதாவது இணைப்பு அறுந்தால் இருவருக்கும் குவோரம் இருக்கும். ஃபென்சிங் இல்லாமல் இதைப் போடுவது ஸ்பிளிட் பிரெயினுக்கு வாசலைத் திறந்துவைப்பது போலத்தான். ஃபென்சிங் இருந்தாலும், இருவரும் ஒரே கணத்தில் ஒருவரை ஒருவர் அணைத்துவிடக் கூடும். அதற்காக ஒரு பக்கத்துக்குச் சில நொடித் தாமதம் வைப்பார்கள். அந்த அமைப்போடு சேர்ந்தே இன்னொன்றும் தானாக இயங்கும்: முதல்முறை எழும்போது எல்லாரையும் பார்த்த பிறகே குவோரம் உண்டு. இல்லையென்றால் அணைக்கப்பட்டவர் எழுந்ததும் மற்றவரைக் காணாமல் அவரை அணைப்பார், அவர் எழுந்து இவரை அணைப்பார், விடியும்வரை இதுவே ஓடும்.

கிட்ஹப், 2018: குவோரம் சரி, டேட்டா பிரிந்தது

2018 அக்டோபர் 21, உலகப் பொதுநேரம் 22:52. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிவந்த ஒரு 100ஜி ஆப்டிக்கல் கருவியை, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான பராமரிப்பு வேலைதான். அதில் அவர்களின் கிழக்குக் கரை நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே இணைப்பு போனது. 43 நொடியில் திரும்பிவிட்டது. ஆனால் சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

அவர்களின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களில் யார் பிரைமரி (எழுத்துகளை ஏற்கும் முதன்மைச் சர்வர்) என்பதை ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் கவனித்துக்கொண்டது. ராஃப்ட் என்ற ஓட்டெடுப்பு முறையில் தங்களுக்குள் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் ஆர்கெஸ்ட்ரேட்டர் நோடுகள் (அதை ஓட்டும் சர்வர்கள்) முதன்மை டேட்டா சென்டரிலும், மேற்குக் கரை டேட்டா சென்டரிலும், கிழக்குக் கரையில் ஒரு பொதுக் கிளவுடிலும் இருந்தன. முதன்மை டேட்டா சென்டர் தனித்துவிடப்பட்டதும் மற்ற இரண்டு இடங்களும் சேர்ந்து குவோரம் அமைத்தன. விதிப்படி பிசகே இல்லை. அதிகாரம் கிடைத்ததும் பிரைமரியை மேற்குக் கரைக்கு மாற்றின. இணைப்பு திரும்பியவுடன் கிட்ஹப் செயலிகள் மேற்குக் கரையில் எழுதத் தொடங்கிவிட்டன.

சிக்கல், கிழக்கில் எழுதப்பட்ட கடைசிச் சில நொடிகளின் டேட்டா அதற்குள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான். கிழக்கில் இருப்பது மேற்கில் இல்லை. அதன் பிறகு மேற்கில் எழுதப்பட்டது கிழக்கில் இல்லை. சும்மா பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அதோடு, கிழக்கில் ஓடும் செயலிகள் ஒவ்வொரு எழுத்துக்கும் கண்டத்தைக் கடந்து போய்வர வேண்டியிருந்ததில் பல திணறின. சேவையை வேகமாக மீட்பதா, டேட்டாவைக் காப்பதா என்ற இடத்தில் கிட்ஹப் டேட்டாவைத் தேர்ந்தெடுத்தது. வெப்ஹுக்குகளையும் (பிற சேவைகளுக்குப் போகும் தானியங்கி அறிவிப்புகள்) பேஜஸ் பில்டுகளையும் (இணையதளம் உருவாக்கும் வேலைகள்) நிறுத்திவைத்து, பல டெராபைட் பேக்கப்பிலிருந்து கிழக்கை மீண்டும் கட்டி, மேற்கோடு ஒத்திசைத்து, பிறகுதான் திரும்பினார்கள். சேராமல் போன எழுத்துகள், மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் 954 என்று அவர்களே பிறகு வெளியிட்டார்கள். அவற்றைத் தனியாக ஆராய்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆர்கெஸ்ட்ரேட்டரின் குவோரம், யார் முடிவெடுக்கலாம் என்ற கேள்விக்குச் சரியான பதில் சொன்னது. ஆனால் அங்கே ஓட்டுப் போட்டவர்கள் ஆர்கெஸ்ட்ரேட்டர் நோடுகள். டேட்டா இருந்ததோ மைஎஸ்க்யூஎல் சர்வர்களில். ஓட்டுப் போட்டவர்களின் பெரும்பான்மைக்கும் கடைசி எழுத்து யாரிடம் இருக்கிறது என்பதற்கும் அந்த அமைப்பில் எந்தப் பிணைப்பும் இல்லை. அதன்பின், பிராந்திய எல்லையைத் தாண்டி பிரைமரியை மாற்றாதபடி ஆர்கெஸ்ட்ரேட்டரை அமைப்பதாக கிட்ஹப் அறிவித்தது.

எழுத்துக்கும் பெரும்பான்மை கேட்பது

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கட்டிப்போட முடியுமா? முடியும், விலை கொடுத்தால். ஒவ்வொரு எழுத்தையும் பெரும்பான்மைச் சர்வர்கள் வாங்கிக்கொண்ட பிறகே "முடிந்தது" என்று பயனருக்குச் சொல்வது. 1979-இல் டேவிட் கிஃபோர்ட் இதற்கான கணக்கை எழுதினார். மொத்தப் பிரதிகள் 3 என்றால், எழுதும்போது 2 பிரதிகளும் படிக்கும்போது 2 பிரதிகளும் பதில் சொல்ல வேண்டும். 2-ஐயும் 2-ஐயும் கூட்டினால் 4, அது 3-ஐவிடப் பெரிது. ஆகவே படிக்கும் கூட்டத்தில் ஒருவராவது கடைசி எழுத்தைப் பார்த்தவராக இருப்பார். கசாண்ட்ரா டேட்டாபேஸில் குவோரம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பது இந்தக் கணக்குதான்.

2014-இல் ஸ்டான்ஃபோர்டின் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் வெளியிட்ட ராஃப்ட், தலைமைத் தேர்தலையும் இதோடு இணைக்கிறது. தலைமைக்குப் போட்டியிடும் சர்வர் தன் லாகின் (எழுத்துகளின் வரிசைப் பதிவு) கடைசி எண்ணையும் சொல்ல வேண்டும். தன்னுடையதைவிடப் பழைய லாக் வைத்திருப்பவருக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். உறுதிசெய்யப்பட்ட எழுத்து பெரும்பான்மையிடம் இருக்கிறது, தலைவருக்கும் பெரும்பான்மை ஓட்டு வேண்டும், இரண்டு பெரும்பான்மைகளிலும் ஒருவராவது பொதுவாக இருப்பார். அதனால் பழைய டேட்டாவோடு யாரும் தலைமைக்கு வர முடியாது. எட்சீடி இப்படித்தான் இயங்குகிறது. கட்டுப்படுத்தும் மென்பொருள் தனியாகவும் டேட்டாபேஸ் தனியாகவும் இருக்கும் எந்த அமைப்பிலும், ஓட்டுப் போடுபவரிடம் டேட்டா இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

விலை என்னவென்றால் தாமதம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 4,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள இடத்துக்குப் போய்வர 40 மில்லிநொடி. நேர்கோட்டில் கேபிள் போகாததால் நிஜத்தில் இன்னும் அதிகம். ஒவ்வொரு எழுத்தும் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டும். பெரும்பான்மை ஒரே ஊரில் இருக்கும்படி வைத்தால் வேகமாக இருக்கும், ஆனால் அந்த ஊர் போனால் குவோரமும் போகும். இதில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பணப் பரிமாற்றக் கணக்குக்குத் தாமதத்தை ஏற்கலாம். பக்கத்தைப் பார்த்தவர் எண்ணிக்கைக்கு ஏற்க வேண்டிய அவசியமே இல்லை.

பாதி கெட்ட ஸ்விட்ச்

குவோரத்தின் கணக்கு, சர்வர்கள் இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரியும் என்று வைத்துக்கொள்கிறது. எப்போதும் அப்படிப் பிரிவதில்லை. 2020 நவம்பர் 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஒரு ஸ்விட்ச் முழுதாகச் சாகாமல் அரைகுறையாகக் கெட்டது. எட்சீடி நோடுகளில் ஒன்றால் தலைவரோடு பேச முடியவில்லை. இன்னொன்றால் இருவரோடும் பேச முடிந்தது. தலைவரைக் காணவில்லை என்று முதலாவது நோடு தேர்தல் அறிவிக்கும், நடுவில் இருப்பவர் ஓட்டுப் போடுவார், பழைய தலைவர் மறுபடி போட்டியிடுவார். தேர்தல் மாற்றித் தேர்தல் நடந்துகொண்டே இருந்தால் எழுத்து எதுவும் நடக்காது. ஸ்விட்ச் சில நிமிடங்களில் சரியானாலும், எட்சீடியை நம்பியிருந்த டேட்டாபேஸ் நிர்வாக அமைப்பு அதற்குள் பிரைமரியை மாற்றிவிட்டது. ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி), டாஷ்போர்டு (வாடிக்கையாளர் நிர்வாகப் பக்கம்) பாதிப்பு 6 மணி 33 நிமிடம் நீடித்தது.

இதற்கு ராஃப்டிலேயே ஒரு மருந்து உண்டு. தேர்தல் அறிவிக்கும் முன், அறிவித்தால் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டுப் பார்ப்பது. தலைவர் எனக்குக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று மற்றவர்கள் மறுத்தால் பேசாமல் இருந்துவிடுவது. எட்சீடியின் 3.5 பதிப்பிலிருந்து இது இயல்பாகவே இயங்குகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் தங்கள் அமைப்பில் இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குவோரத்தைக் கையால் வரவழைக்கும் முன்

பெரும்பான்மைச் சர்வர்கள் திரும்பி வரவே போவதில்லை என்று ஆகிவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றிடம் "நீயே பெரும்பான்மை" என்று சொல்லும் கட்டளை இதுபோன்ற பல மென்பொருள்களில் இருக்கிறது. விண்டோஸில் ஃபோர்ஸ் குவோரம், எட்சீடியில் ஃபோர்ஸ் நியூ கிளஸ்டர், ப்ராக்ஸ்மாக்ஸில் எதிர்பார்க்கும் ஓட்டை 1 என்று குறைப்பது. இந்தக் கட்டளை, இதுவரை பார்த்த எல்லாப் பாதுகாப்பையும் ஒரு வரியில் எடுத்துவிடுகிறது. சேவை நின்றிருக்கும் பதற்றத்தில் இணையத்தில் தேடி, இந்த வரியை அப்படியே ஒட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான பழக்கம். வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. மற்ற சர்வர்கள் நிஜமாகவே அணைந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பிங் (பதில் கேட்கும் சோதனைச் செய்தி) போகவில்லை என்பது போதாது. மின்சாரம் இல்லை என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது நிர்வாகப் போர்ட் காட்ட வேண்டும்.
2. மிச்சமிருப்பவற்றில் யாரிடம் கடைசி டேட்டா இருக்கிறது என்று லாக் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் கைக்குக் கிடைத்த சர்வரை எழுப்பிவிட்டு, புதிய டேட்டா வேறொன்றில் இருந்தது என்று பிறகு தெரியவந்தால் அதைச் சேர்க்க வழியிருக்காது.
3. கட்டளை கொடுக்கும் முன் அந்தச் சர்வரின் டேட்டாவை அப்படியே ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.
4. ஒரே ஒரு சர்வரில் மட்டும் கட்டளையைக் கொடுங்கள்.
5. மற்ற சர்வர்கள் பழுது நீங்கித் திரும்பும்போது, அவை தாங்களாகவே குவோரம் அமைத்துவிடக் கூடாது. விண்டோஸின் பழைய பதிப்புகளில் பிரிவென்ட் குவோரம் என்ற அமைப்போடு தொடங்க வேண்டும். 2012 ஆர்2 முதல் இதைக் கிளஸ்டரே கவனித்துக்கொள்கிறது. எட்சீடியில் பழைய நோடின் டேட்டா கோப்புறையை அகற்றிவிட்டு, புது உறுப்பினராகத்தான் சேர்க்க வேண்டும். பழைய டேட்டாவோடு எழுப்பக் கூடாது.

ப்ராக்ஸ்மாக்ஸில் குறைத்த ஓட்டு, சர்வர்கள் திரும்பியதும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவரை அந்த ஒற்றைச் சர்வருக்கு மாற்று எதுவும் இல்லை. அடுத்த பேக்கப்பை வழக்கமான நேரம்வரை தள்ளிப்போடாமல் அப்போதே எடுத்துவிட வேண்டும்.